நாடி வலிக்கி

மேல்மாடிக்காரர் யாரையும் முகம் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. 'சௌக்கியமா' என்று கேட்டு முடிப்பதற்குள் நம் மணிக்கட்டு அவர் விரலுக்குள் போயிருக்கும். பெண்பிள்ளைகள் என்றால் கேட்டுவிட்டுப் பிடிப்பார். ஆனால் கேட்பதும் பிடிப்பதும் ஒன்றாகவே நடக்கும். இடது கையால் கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் எண்ணுவார். அந்த ஒரு நிமிஷமும் வீடு மூச்சு விடாது. பிறகு கையை விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் படியேறிப் போய்விடுவார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவதற்குத்தான் நாலு வருஷம் நான் பயந்து செத்தேன்.

முதல் யுத்தத்துக்கு முந்தைய காலம். என் வீட்டுக்காரர் க்ளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா. பவானிபூரில் ஒரு வங்காளியின் வீட்டில் நடுமாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். கீழே வீட்டுக்காரக் குடும்பம். மொட்டைமாடியில், சிலேகோட்டா என்று வங்காளிகள் சொல்லும் ஒற்றை அறையில், இவர். தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயர். நாற்பத்தைந்து வயது இருக்கும், பெண்டாட்டி இல்லை. ஒரு வைத்தியப் பள்ளிக்கூடத்தில் பிரேதத்தை அறுத்துப் பையன்களுக்கு எலும்பும் நரம்பும் காட்டுகிற உத்தியோகம். சாயங்காலம் வந்ததும் முற்றத்துக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் படியில் கால் வைப்பார். அப்படியும் ஊர்ப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் ஒருவரும் அவரை ஒரு விசேஷத்துக்கு அழைத்ததில்லை.

கீழ்வீட்டு எஜமானியம்மாளைக் கின்னிமா என்று கூப்பிடுவோம். அவள்தான் அவருக்கு 'நாடி டெபா டாக்தார்' என்று பெயர் வைத்தவள். கையைப் பிடித்து நாடியை அமுக்குகிற டாக்டர் என்று அர்த்தமாம். முதலில் அதைக் கேட்டபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடி வந்துவிட்டேன். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் நாடி என்றால் முகவாய்க்கட்டை. பிள்ளையைக் கொஞ்சுவதென்றால் அதன் நாடியைப் பிடித்துத்தான் கொஞ்சுவோம். இந்த ஐயர் தெருவில் போகிற வருகிறவர்களின் முகவாயைப் பிடித்துக் கொஞ்சுவதாக நினைத்துப் பார்த்து, நானும் என் வீட்டுக்காரரும் வயிறு நோகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நோவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவர் காதில் வாங்கமாட்டார். என் வீட்டுக்காரர் ஒரு தடவை தலைவலி என்று ஆரம்பித்தார்.

"நீர் ஒண்ணும் சொல்லாதேயும். வாய் இஷ்டத்துக்குப் பேசும் ஓய். ரத்தத்துக்குப் பேசத் தெரியாது, அதனால அதுகிட்ட பொய் கிடையாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்ணான் ஒருவன் வருவான், பீகார்க்காரன். ஒரு நாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவன் மூச்சு இளைத்துக்கொண்டு நின்றான். இவர் குனிந்து அவன் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் அந்த இடம் பிசைந்த மாவில் பட்டதுபோலக் குழியாகவே இருந்தது. குழி நிரம்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அவனை உட்கார வைத்து, மூட்டையைத் தானே தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாசத்தில் வண்ணானின் தம்பி துணி எடுக்க வந்தான். 'அண்ணன் எங்கே?' என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினம் காலையில் எழுந்ததும் யாருக்கும் தெரியாமல் என் கணுக்காலை அமுக்கிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அதற்கடுத்த பூஜைக்குக் கின்னிமா வீட்டுக்குப் புது மருமகள் வந்தாள். பதினாறு வயசு. வெள்ளை வெளேரென்ற முகத்தில் இரண்டு கன்னமும் குங்குமம் பூசினது மாதிரி இருக்கும். தெருவே வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரலை வைத்தது. கின்னிமாவுக்குத் தலைகால் புரியவில்லை, மேல்மாடிக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கன்னத்தை ஒரு நொடி பார்த்தார். கையைப் பிடித்தார். எப்போதும் ஒரு நிமிஷம் பிடிப்பவர் அன்றைக்கு மூன்று நிமிஷம் பிடித்தார். கையை விட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் வங்காளியில் சொன்னார், இந்தப் பெண்ணுக்குக் குழந்தை வேண்டாம் என்று.

நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஒரு வார்த்தை சொன்னால் எந்த மாமியார் பொறுப்பாள்? கின்னிமா அதற்குப்பின் அவரோடு பேசவேயில்லை. அடுத்த வருஷம் அந்தப் பெண்ணுக்கு எட்டாம் மாசம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள். உதட்டில் நீலம் ஏறிவிட்டது. ஒரு மத்தியானம் கின்னிமாவின் அழுகைச் சத்தம் நடுமாடிவரை வந்தது. வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை. அவர் படியிறங்கும் சத்தம் கேட்டால் கீழ்வீட்டு எஜமானர் இரண்டு கையையும் சால்வைக்குள் இழுத்துக்கொள்வார். கண் வைத்துக் கொன்றுவிட்டான் என்று கின்னிமா சொன்னாள். நானும் அதைப் பாதி நம்பினேன், சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பயத்தைவிடத் தெரிந்துகொள்கிற அரிப்பு அதிகம். ஒரு நாள் காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"டாக்டரையா, அந்தப் பிள்ளைக்கி என்ன செஞ்சுது?"

அவர் உட்கார்ந்து என் கோலமாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தார். தரையில் நாலு கட்டம் வரைந்தார், மேலே இரண்டு, கீழே இரண்டு.

"இருதயம்னா நாலு உள்ளு, நாலு ரூம், இருக்கிற வீடும்மா. இந்தப் பக்கம் உடம்பெல்லாம் சுத்தி வந்த கறுத்த ரத்தம். அதை நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே காத்துப் பட்டுச் சிவந்து இந்தப் பக்கம் வரும். மேல் உள்ளுலேர்ந்து கீழ் உள்ளுக்கு ஒரு கதவு. போறப்போ திறக்கும், திரும்பி வராம சாத்திக்கும். லப்பு டப்புன்னு கேக்கறதே, அது கதவு சாத்தற சத்தம்தான்."

"சரி."

"சின்ன வயசுல மூட்டு வீங்கி ஜுரம் வந்தா, சில பேருக்கு இந்தக் கதவு பாதி ஒட்டிண்டுடும். ரத்தம் கீழே இறங்காது, நுரையீரல்ல தேங்கும். அவ கன்னம் சிவந்ததே அதனாலதான். பிள்ளை உண்டானா ரத்தம் பெருகும். பெருகின ரத்தம் எந்த வழியாப் போகும்?"

"ஒட்டுனதத் திறக்க முடியாதா?"

"முடியாது" என்று சொல்லி, வரைந்ததை உள்ளங்கையால் அழித்துவிட்டு எழுந்துபோனார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்து ஒரு காதைத் தலையணையில் வைத்தால் என் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. ஏதாவது ஒன்று சாத்தாமல் விட்டுவிடுமோ என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

நாலாவது வருஷம் கார்த்திகையில் என் அப்பா வந்தார். காசிக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் மகள் வீட்டில் ஒரு மாசம். தை பிறந்ததும் ஊரில் என் தங்கைக்குக் கல்யாணம், நானும் அவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. கொஞ்சம் தொந்தி, நல்ல சாப்பாட்டு ரசிகர், எதைக் கண்டும் பயப்படாத மனுஷன். நான் முன்கூட்டியே எச்சரித்து வைத்தும், மேல்மாடிக்காரரைப் பார்த்த முதல் நாளே அப்பா கையை அவராக நீட்டினார்.

"இந்தாரும் ஐயரே, பாத்துச் சொல்லும். மக ரொம்ப மிரட்டி வச்சிருக்கா."

அந்த வீட்டில் அவருக்கு ஒருவர் தானாகக் கை நீட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் எண்ணிவிட்டு, அதிசயமாக வாய் திறந்தார்.

"எழுபத்திரெண்டு. கெட்டியான நாடி, பிள்ளைவாள்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குப்பின் தினம் சாயங்காலம் இரண்டு பேரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அப்பாவின் கை அவர் மடியிலேயே கிடக்கும்.

மார்கழி பிறந்த சமயம். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறின அப்பா பாதிப் படியில் நின்றுவிட்டார். முகவாயை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுல்லட்டீ. நாடி வலிக்கி."

பல்லாக இருக்கும் என்று கிராம்புத் தைலம் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே படியில், அதே வலி. அன்றைக்கு டாக்டரிடம் சொன்னேன், "அப்பாவுக்கு ரெண்டு மூணு நாளா நாடி வலிக்கின்னு சொல்லுதாக, டாக்டரையா."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதற்கு முன் இல்லை. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். எழுபத்திரண்டுதான்.

"நாடி எங்கேயாவது வலிக்குமோ, பிள்ளைவாள்? நாடி ஓடும், குதிக்கும், ஒரு நாள் நிக்கும். வலிக்கும்னு எந்தப் புஸ்தகத்திலேயும் நான் படிச்சதில்லை. நாடி நன்னா இருக்கு. தாராளமா ஊருக்குப் போய்ட்டு வாங்கோ."

"அப்பம் சரிதான்" என்றார் அப்பா, அசடு வழிய. அதற்குப்பின் வலித்தாலும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். அவர் வயிற்றுவலிக்கும் கையைத்தான் பிடிப்பார், பல்வலிக்கும் கையைத்தான் பிடிப்பார். அன்றைக்கும் கையைப் பிடித்தார். ஓடும், குதிக்கும் என்றதை ஏதோ வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டேன். நாடி நன்றாக இருக்கிறது என்றார். முகவாயில் ஒன்றுமில்லை என்று சொல்வதாகவே நான் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு சொல்லுக்கு அந்த வீட்டில் இரண்டு அர்த்தமும் தெரிந்தவர்கள் நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் ஆபீசில் இருந்தார். நான் அங்கேயே, இரண்டு பேருக்கும் நடுவில், காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

மார்கழிக் கடைசியில் மதராஸ் மெயிலுக்குக் கிளம்பினோம். ஹவுராவுக்குப் போக அப்போது மிதவைப் பாலம்தான். கப்பல் போக நடுவில் திறந்துவிட்டிருந்தார்கள், வண்டிகளெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றன. மறுபடி மூடியதும் ஒரே நெரிசல், வண்டி நகரவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் கூலியாள் தலையில் பெட்டியை ஏற்றிக்கொண்டு முன்னால் ஓடினார். அப்பாவும் நானும், வழியனுப்ப வந்த டாக்டரும் பின்னால் வேகமாக நடந்தோம். ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது. காலையில் அப்பா வழிப்பயணத்துக்கென்று வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார்.

பாலத்தின் நடுவில் அப்பா நின்றுவிட்டார். ஒரு கை கிராதியைப் பிடித்திருந்தது, மற்றக் கை முகவாயை ஏந்தியிருந்தது. அந்தக் குளிரில் நெற்றி முழுக்க வேர்வை. முகம் சாம்பலாகப் போயிருந்தது.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "என்ன பிள்ளைவாள், தாடையைப் பிடிச்சுண்டு நிக்கறேள்?"

"அதான்... அன்னைக்கே சொன்னம்லா. நாடி வலிக்கின்னு."

"நாடியா? எது நாடி?"

அப்பா முகவாயைத் தட்டிக் காட்டினார். "எங்க ஊர்ல இதத்தான் நாடிம்பாக, டாக்டரையா" என்றேன் நான்.

அவர் கை வழக்கம்போல அப்பாவின் மணிக்கட்டுக்குப் போயிற்று. பாதியில் நின்றது. அப்புறம், நாலு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் ஒரு மனுஷனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பயந்துபோயிருந்தார். எத்தனையோ பேரை நடுங்க வைத்த மனுஷர் நடுங்குவதைப் பார்த்ததும் எனக்குக் காலடியில் பாலமே ஆற்றோடு போவது மாதிரி இருந்தது.

"நடந்தா வரதா?"

"ஆமா."

"சாப்ட்டுட்டு நடந்தா ஜாஸ்தியா?"

"ஆமா."

"நின்னா?"

"நின்னா போயிரும். இந்தா, இப்பம் கொறைஞ்சிட்டு." அப்பா சிரிக்கப் பார்த்தார். "வாரும், ரயில் போயிரும்."

"ரயில் போகட்டும் ஓய்" என்றார் டாக்டர். அப்பாவை அங்கேயே பலகையில் உட்கார வைத்து, காற்றுப் படாமல் தன் சால்வையைச் சுற்றி, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். ஜனங்கள் எங்களைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் எங்களைத் தேடித் திரும்பி வந்ததும், வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்தோம். படி ஏறக்கூடாது, இறங்கக்கூடாது, வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது. குளிர்காற்று படக்கூடாது, கோபம்கூட வரக்கூடாதாம். என்னைத் தனியாக முற்றத்துக் குழாயடிக்குக் கூப்பிட்டார் டாக்டர். கழற்றிப் போட்டிருந்த பழைய இரும்புக் குழாய் அங்கே கிடந்தது. கங்கைத் தண்ணீர் வந்து வந்து உள்ளே வண்டல் படிந்து, ஊசி நுழைகிற வழிதான் மீதி.

"ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்பற இருதயத்துக்கும் பசிக்கும். அதுக்குன்னு ரெண்டே ரெண்டு சின்னக் குழாய். அது இப்படி ஆயிடுத்து. உக்காந்திருந்தா இந்த வழியே போரும், நாடியும் எழுபத்திரெண்டு காட்டும். நடந்தா, மாடி ஏறினா, போராது. பட்டினியில அது கத்தும். ஆனா வலியை அது தன் இடத்துல காட்டணும்னு இல்லை. சில பேருக்கு நடு மாருல, சில பேருக்கு இடது கையில. சில பேருக்குத் தாடையில."

"முன்னாலயே தெரிஞ்சிருந்தா?"

அவர் குழாயைக் கீழே வைத்தார்.

"மாடி ஏற விட்டிருக்க மாட்டேன்" என்றார். "ஊருக்குப் போகலாம்னு சொல்லியிருக்க மாட்டேன். வலிக்கறப்போ மருந்து குடுத்திருப்பேன். அவ்வளவுதான் முடியும். அந்த அவ்வளவையும் நான் பண்ணலை."

அந்த மருந்து, துணி சுற்றின சின்னக் கண்ணாடிக் குப்பி. வலி வந்தால் கைக்குட்டைக்குள் வைத்து நொறுக்கி மூக்கருகில் பிடிக்க வேண்டும். அழுகின பழம்போல ஒரு வாடை வரும். அப்பாவின் முகம் குப்பென்று சிவக்கும், வலி இறங்கும். 'சடக்' என்று அது உடைகிற சத்தம்தான் எனக்கு ஆகாது. அடுப்படியில் அப்பளம் நொறுங்கினால்கூட ஓடி வந்து பார்ப்பேன்.

டாக்டர் வேறு மனுஷராகிவிட்டார். கையைப் பிடிப்பதற்கு முன்னால், "எங்கே வலிக்கறது? விரலால தொட்டுக் காட்டு" என்பார். பால்காரனிடமும் அப்படித்தான். அப்பாவின் கட்டிலருகில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து, நெற்றியிலிருந்து குதிகால்வரை தொட்டுத் தொட்டு, "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர், பிள்ளைவாள்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். அப்பாவுக்கு அதில் ஒரே கொண்டாட்டம்.

"இது பெடதி."

"பிடரி."

"பிடரி இல்ல ஐயரே, பெடதின்னு எழுதும்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பில் அப்பாவுக்கு வலி வந்துவிடுமோ என்று எனக்குத் திக்குத் திக்கென்று இருக்கும். தங்கை கல்யாணம் அப்பா இல்லாமல் நடந்தது. சித்தப்பாதான் தாரை வார்த்தார். மஞ்சள் தடவின கடிதம் வந்த அன்றைக்கு அப்பா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பங்குனியில் ஒரு காலை. என் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போய்விட்டார். அப்பா வெந்நீர் கேட்டார். கொண்டுவந்தபோது உட்கார்ந்திருந்தவர் முகவாய்க்குக் கையைக் கொண்டுபோனார், கை பாதியில் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் டாக்டர் மொட்டைமாடியிலிருந்து நாலு நாலு படியாகத் தாவி வந்தார். ஒரு குப்பி உடைத்தார். இன்னொன்று உடைத்தார். அறை முழுக்க அந்த வாடை. அப்பாவின் முகம் சிவக்கவில்லை.

பிறகு டாக்டர் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடிகாரத்தை எடுக்கவில்லை. ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், கீழே தெருவில் டிராம் மணியடித்துக்கொண்டு போயிற்று, திரும்பியும் வந்தது. அவர் விடவில்லை. அவரே சொல்லட்டும் என்று நின்றேன். வாழ்க்கையில் எதற்கும் நான் அப்படிப் பயந்ததில்லை. கின்னிமா வாசலில் வந்து நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் வாய் மெல்லத் திறந்துகொண்டு வந்தது. இனிக் காத்திருக்க முடியாது, உடம்பு விறைத்துவிடும். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"டாக்டரையா, நாடி கட்டணும்."

அவர் கையிலிருந்த மணிக்கட்டைப் பார்த்தார். அப்புறம் அவருக்குப் புரிந்தது. அந்தக் கையை அப்பாவின் மார்பில் வைத்தார். தன் மேல்துண்டின் கரையைக் கிழித்தார். ஆயிரம் பிரேதத்தைத் தொட்ட விரல்கள், முடிச்சுப் போட வராமல் இரண்டு தடவை நழுவவிட்டன. உள்ளங்கையால் அப்பாவின் முகவாயை ஏந்தி வாயை மூடினார். எங்கள் ஊரில் பிள்ளையைக் கொஞ்சுவோமே, அப்படித்தான் இருந்தது. உச்சியில் முடிச்சை இறுக்கிவிட்டு, அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"வலிக்கும், பிள்ளைவாள்" என்றார். "நாடி வலிக்கும்."

நான் வாய்க்கரிசிக்கு அரிசி எடுக்க உள்ளே போனேன்.